தபாலில் வந்த சுருட்டை ஹியூமிடாரில் இளைப்பாற விடும்போது நேரும் தவறுகள்

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், லண்டனில் என் வீட்டுக்கு இருபத்தைந்து கியூபச் சுருட்டுகள் அடங்கிய ஒரு மரப்பெட்டி கூரியரில் வந்தது. ரொபுஸ்டோ எனப்படும் அளவு அது. 124 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் விட்டமும் இருக்கும். ஆசை தாங்காமல் அன்று மாலையே ஒன்றைப் பற்றவைத்தேன். ஒரு பக்கம் விறுவிறுவென்று எரிந்து கீழிறங்க, மறுபக்கம் தீ ஏறாமல் அப்படியே நின்றது. புகையோ தொண்டையைக் காறியது. சரக்கு பழுது என்று கடைக்காரருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு சுருட்டு கடைசிவரை வட்டம் குலையாமல் எரிந்தபோது, மன்னிப்புக் கேட்டு இரண்டாவது மின்னஞ்சல் எழுத வேண்டியதாயிற்று.

புகையிலை உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காசு கொடுத்து வாங்கிய பின் அதைக் கெடுத்துக்கொள்ளும் வழிகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை, வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே நடந்துவிடுகின்றன.

ஒரு சுருட்டில் நடுவே கொத்தாக உள்ளிலை, அதைப் பிடித்து நிறுத்தும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் வெளியே இழுத்துச் சுற்றிய மெல்லிய மேலிலை என மூன்று அடுக்குகள் உண்டு. மூன்றுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் விடவும் கூடியவை, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. மேலிலையும், பற்றவைக்கும் முனையில் திறந்து தெரியும் உள்ளிலையும் சில மணி நேரத்திலேயே மாறிவிடும். சுருட்டின் நடுப்பகுதிக்கு அந்த மாற்றம் போய்ச் சேர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருப்பதை வைத்து "சரியாகிவிட்டது" என்று முடிவு செய்வதே எல்லோரும் செய்யும் முதல் தவறு. விரலுக்குத் தெரிவது தோலின் நிலை மட்டுமே.

குளிர்நாட்டில் பயணம் சுருட்டை எப்படி வாட்டுகிறது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். வெளியே 0 டிகிரி செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, ஹீட்டர் ஓடும் அறைக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடேறினால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதமாக இறங்கிவிடும். நீரின் அளவு குறையவில்லை, சூடான காற்றின் கொள்ளளவுதான் கூடிவிட்டது. 65 முதல் 70 சதவீதத்தில் வாழ்ந்து பழகிய சுருட்டை, படம் எடுப்பதற்காக மேசைமேல் வரிசையாக அடுக்கி ஒரு மாலை முழுவதும் விட்டுவைத்தால், மேலிலை காய்ந்த வாழைச் சருகுபோல் சலசலக்கத் தொடங்கும். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. குளிரில் கிடந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த கையோடு, நீராவி நிறைந்த சமையலறையில் பிரித்தால், சில்லிட்ட இலையின்மேல் பனித்துளி படிந்து கறையாக நின்றுவிடும். கூரியர் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலேயே ஐந்தாறு மணி நேரம் அறையில் வைத்திருந்து, உள்ளே உள்ளதும் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து, நேராக ஹியூமிடாருக்கு, அதாவது சுருட்டின் ஈரப்பதத்தைக் காக்கும் மூடிய பெட்டிக்கு, மாற்றுவதே முறை.

ஆனால் அதிகச் சேதம் விளைவிப்பது வறட்சி அன்று, வறட்சியைக் கண்டு பதறுவதுதான். காய்ந்த சுருட்டு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் ஈரப்பதத்தை 75 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவோரும், ஈரப் பஞ்சைப் பக்கத்திலேயே வைப்போரும் உண்டு. திறந்த முனையில் இருக்கும் உள்ளிலை அந்த ஈரத்தை முதலில் குடித்து உப்புகிறது. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் மேலிலைக்கு அவ்வளவு நெகிழ்ச்சி இல்லை. மறுநாள் பார்த்தால், முற்றிய வெண்டைக்காய் வெடித்ததுபோல் முனையிலிருந்து மேல்நோக்கி ஒரு கீறல் ஓடியிருக்கும். கனெக்டிகட் நிழல் இலை போன்ற மெல்லிய மேலிலை கொண்டவற்றில் இது இன்னும் எளிதாக நடக்கிறது. வெடித்ததைப் பசை வைத்து ஒட்டலாம், பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. போவேடா போன்ற, ஈரத்தைத் தரவும் வாங்கவும் வல்ல பொட்டலங்கள் 62, 65, 69 என்று படிப்படியான அளவுகளில் கிடைக்கின்றன. காற்றுப்புகாத டப்பா ஒன்றில் முதல் இரண்டு வாரம் 62, அடுத்த இரண்டு வாரம் 65 என்று ஏற்றிச் செல்வது மெதுவான வழிதான். என் அனுபவத்தில் இலை வெடிக்காமல் தப்பிய வழியும் அது ஒன்றே.

புது ஹியூமிடார் வாங்கியவர்கள் மற்றொரு பள்ளத்தில் விழுகிறார்கள். உட்புறம் பதித்திருக்கும் பலகைக்கு ஸ்பானிஷ் சீடர் என்று பெயர். அது ஸ்பெயினில் விளைவதும் அன்று, சீடர் எனப்படும் தேவதாரு இனமும் அன்று. செட்ரெலா ஒடொராட்டா என்ற அந்த அமெரிக்க வெப்பமண்டல மரம் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்ந்த நிலையில் கடையிலிருந்து வரும் இப்பலகை தாகத்தோடு இருக்கும். அதற்குள் சுருட்டை வைத்தால், சுருட்டுக்கு ஈரம் கொடுப்பதற்குப் பதில் சுருட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 84 சதவீதப் பொட்டலங்களை வெறும் பெட்டிக்குள் வைத்து மூடி, இரண்டு வாரம் திறக்காமல் விட்டுப் பலகையை முதலில் பழக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்து ஒரே நாளில் பழக்கிவிடலாம் என்ற பழைய யோசனை இன்னும் உலவுகிறது. பலகை நெளிந்து மூடி சரியாகப் பொருந்தாமல் போனதைக் கண்ணால் கண்டவன் என்பதால் அதை யாருக்கும் சொல்வதில்லை. குழாய்த் தண்ணீரும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீர்தான் ஏற்றது.

பெட்டியின் முகப்பில் அழகாகப் பதித்த முள் வைத்த ஈரப்பதமானியை நம்புவதும் தவறே. பொய் சொல்லாத சோதனை அடுப்படியிலேயே இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சேறுபோல் குழையும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரப்பதமானியோடு சேர்த்து இறுக மூடும் பையில் ஓர் இரவு வைத்திருந்தால், கருவி 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. அதை நம்பி, பல மாதங்களாக 70 என்று நினைத்துக்கொண்டு 79-இல் வைத்திருந்திருக்கிறேன். இரண்டு சுருட்டில் பூஞ்சை பிடித்ததற்கான காரணமும் அன்றுதான் விளங்கியது.

வந்ததைத் தனியே வைக்காமல், ஏற்கெனவே சேர்த்து வைத்தவற்றோடு கலந்துவிடுவதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. லாசியோடெர்மா செரிகார்னே என்னும் புகையிலை வண்டு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள பழுப்புப் பூச்சி. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அதன் முட்டை, வெப்பம் 24 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பொரிந்து, குண்டூசியால் குத்தியதுபோன்ற துளைகளோடு வெளிவரும். லண்டன் குளிரில் அவ்வளவு கவலை இல்லை. சென்னையிலோ கொழும்பிலோ குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்திருப்பவர் இதை அலட்சியம் செய்ய முடியாது. உறைய வைத்துக் கொல்லலாம் என்பது உண்மைதான். இரண்டு பைகளில் காற்றைப் பிழிந்து கட்டி, முதலில் ஒரு நாள் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலும், பிறகு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் குறைந்தது மூன்று நாளும், மீண்டும் ஒரு நாள் குளிர்ப்பெட்டியிலும் வைத்த பின்பே அறைக்குக் கொண்டுவர வேண்டும். உறைபெட்டியிலிருந்து நேரே மேசைக்கு எடுத்து வருவோரின் சுருட்டு வண்டுக்குத் தப்பி வெடிப்புக்கு இரையாகிறது.

பயணக் களைப்பையும் இளமையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கியூபப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், தொழிற்சாலைக் குறியீட்டோடு, பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். அந்தத் தேதி மிக அண்மையது என்றால், முதல் இழுப்பில் மூக்கில் ஏறும் அமோனியா நெடி தபால்காரர் தந்தது அன்று. இலை இன்னும் பதப்பட்டு முடியவில்லை. அதற்கு மூன்று வார ஓய்வு போதாது, பல மாதம் விட வேண்டும்.

அப்படியானால் இளைப்பாறி முடிந்ததை எப்படி அறிவது? இரண்டு வாரம், ஒரு மாதம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படும் கணக்குகளைவிட, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசை நான் நம்புகிறேன். ஆங்கிலேயர் செரூட் என்று எடுத்துக்கொண்ட சொல்லே நம் சுருட்டுதான் என்பதால், நகைக்கடைத் தராசில் அதை நிறுத்துப் பார்ப்பது பொருந்தாத செயலாக எனக்குத் தோன்றவில்லை. வந்த நாளில் ஒரே ஒரு சுருட்டுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து எடை குறித்துக்கொள்கிறேன். மூடியைத் தினமும் திறந்தால் கட்டிக் காத்த ஈரம் வெளியேறிவிடும் என்பதால், வாரத்துக்கு ஒரு முறைதான் நிறுப்பது. கடைசியாக வந்த பெட்டியில் நூல் கட்டிய சுருட்டு முதல் நாள் 11.1 கிராம் இருந்தது. ஒரு வாரத்தில் 11.4, இரண்டாம் வாரம் 11.6, மூன்றாம் வாரம் 11.7, நான்காம் வாரமும் ஐந்தாம் வாரமும் அதே 11.7. நூலை அவிழ்த்தது ஐந்தாம் வாரம்.