பக்கவாதப் பதிவேட்டை வைத்துச் சிகிச்சையை எடைபோடும்போது வரும் தவறுகள்

"ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டவர்களில் இத்தனை பேர் எழுந்து நடந்தார்கள், போடாதவர்களில் இத்தனை பேர்தான்." ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தைப் பதிவேடு கொண்டு ஆராய்பவர்கள் முதலில் எழுதும் வரி இது. முதலில் அடிக்க வேண்டிய வரியும் இதுதான். ஊசி போடாதவர்களில் ஒருவர், ஊசிக்கான வழக்கமான கெடுவான நாலரை மணி நேரம் கடந்து வந்திருப்பார். ஒருவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். இன்னொருவருக்குக் கை மரத்ததோடு சரி, பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண் வெறும் 2. இந்த மூவரையும் ஒரே கூட்டமாகக் கட்டி எதனோடு ஒப்பிடுவது?

'போடவில்லை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஏன்' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். ஊசிக்குத் தகுதியானவர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். வயது, வந்தபோது இருந்த மதிப்பெண், முன்பே இருந்த இயலாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் இரு கூட்டமும் ஒத்திருக்கும்படி கணக்கில் சமன்செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவரா, அரசு மருத்துவமனைக்கு வந்தவரா என்பது. ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பை மதிப்பிட்டுச் சமன்செய்யும் ப்ரொப்பென்சிட்டி ஸ்கோர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. எழுதி வைத்ததை மட்டுமே அது சமன்செய்யும். மருத்துவர் கண்ணால் பார்த்து முடிவெடுத்தது எந்தக் கட்டத்திலும் இருக்காது. 24 மணி நேரம் கழித்து எடுத்த மதிப்பெண்ணை இந்தப் பட்டியலில் நுழைத்துவிடாதீர்கள். அது சிகிச்சையின் விளைவு. அதைச் சமன்செய்தால் சிகிச்சையின் பலனையே அழித்துவிடுவீர்கள்.

நேரக் கணக்கு இன்னும் வழுக்கலான இடம். இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணிக் கிடக்கிறார். தொடங்கிய நேரம் 6 என்று எழுதினால் எட்டு மணி நேரம் மறைந்துபோகும். கடைசியாக நன்றாக இருந்த நேரம், கண்டுபிடித்த நேரம் என இரண்டு கட்டங்கள் வேண்டும். தேதியையும் சேர்த்து எழுதாவிட்டால், 23:50க்கு வந்து 00:35க்கு ஊசி பெற்றவருக்கு 45 நிமிடம் என்பதற்குப் பதில் மைனஸ் 23 மணி 15 நிமிடம் என்று கணினி காட்டும். எல்லா நேரமும் 0 அல்லது 5இல் முடிந்தால், வேலை முடிந்தபின் யாரோ நினைவிலிருந்து நிரப்பியது என்று அறிக.

நேரத்தில் இன்னொரு பொறி. ஏழாம் நாளுக்குள் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கியவர்களையும் தொடங்காதவர்களையும் ஒப்பிடுகிறீர்கள். இரண்டாம் நாளே இறந்தவர் தானாகவே 'தொடங்காதவர்' கூட்டத்தில் விழுவார். மாத்திரை அற்புதமாகத் தெரியும். ஏழாம் நாள் உயிரோடு இருந்தவர்களிடமிருந்து மட்டும் கணக்கைத் தொடங்குங்கள்.

பதிவேட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையே பலர் கேட்பதில்லை. நோய்களுக்கான ஐசிடி-10 குறியீட்டுப் பட்டியலில், அடைப்புப் பக்கவாதத்துக்கான ஐ63 என்ற குறியீட்டை மட்டும் தேடினால், ஸ்கேன் எடுக்காததால் வகை தெரியாத பக்கவாதம் (ஐ64) என்று குறிக்கப்பட்டவர்கள் விடுபடுவார்கள். அவசரப் பிரிவிலேயே இறந்தவர்களும் அப்படியே. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவர் இரண்டு ஆளாக எண்ணப்படுவார். பெயரை வைத்து அவரைப் பிடிக்கலாம் என்றால், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனை கோவெண்டர், எத்தனை நாயுடு! பிள்ளை என்ற பெயர் ஒரு சீட்டில் 'ஒய்'யில் முடியும், அடுத்த சீட்டில் 'ஐ'யில். தென்னாப்பிரிக்காவின் 13 இலக்க அடையாள எண்ணால் இணையுங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதால் தட்டச்சுப் பிழை பெரும்பாலும் அங்கேயே சிக்கும். அந்த எண்ணை ஆய்வுக் கோப்பில் வைக்காமல் தனியே பூட்டி வையுங்கள். தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டம் விளையாட்டல்ல.

ஊசிக்குப் பின் மூளையில் வரும் ரத்தக்கசிவை எந்த வரையறையில் எண்ணினீர்கள் என்று சொல்லாத சதவீதத்தை நம்பாதீர்கள். இந்த ஊசியைப் பற்றி 2007இல் வெளியான சிட்ஸ்-மோஸ்ட் பதிவேட்டு ஆய்வில், 14 ஐரோப்பிய நாடுகளின் 6,483 நோயாளிகளில், கடுமையான வரையறைப்படி 1.7%, தளர்வான வரையறைப்படி 7.3%. நோயாளிகள் அதே நோயாளிகள்தான்.

தொண்ணூறாம் நாள் தொலைபேசியில், இயலாமையை அளக்கும் ராங்கின் மதிப்பெண் கேட்பதிலும் சூட்சுமம் உண்டு. "பாட்டி சமைக்கிறார்களா?" என்றால், "இல்லை, மருமகள்தான்" என்பார்கள். அது இயலாமை அல்ல, வீட்டு வழக்கம். "தனியாக இருந்தால் சமைத்துக்கொள்வார்களா?" என்று கேட்க வேண்டும். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் 2க்கும் பிறர் உதவி தேவைப்படும் 3க்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கேள்வியில்தான் கிடக்கிறது. இசிசூலு பேசும் வீட்டுக்கு இசிசூலு தெரிந்தவரே அழைக்கட்டும்.

தொலைபேசி எண் மாறியதால் கிடைக்காதவர்களை விட்டுவிட்டுச் சதவீதம் போடாதீர்கள். 200 பேரில் 140 பேர் கிடைத்து, அவர்களில் 84 பேர் நன்றாக இருந்தால் 60% என்று எழுதத் தோன்றும். கிடைக்காத 60 பேரும் மோசமாக இருந்தால் அது 42%, எல்லோரும் நலமாக இருந்தால் 72%. மூன்று எண்களையும் அச்சிடுங்கள்.