மடவை உயிரோடா, மத்தி துண்டா?

டர்பனில் உம்கேனி ஆறு கடலைத் தொடும் புளூ லகூன் பக்கம் விடியற்காலை வந்தால் தூண்டிலோடு என்னைப் பார்க்கலாம். தண்ணீர் கலங்கியிருந்தால் உயிர் இரைக்கு அலைய மாட்டேன், வெட்டிய மத்திதான். மீன் மோப்பம் பிடித்து வரும். மத்தி பாதி உறைந்திருக்கும்போதே சாய்வாக வெட்டுங்கள். முழுக்க இளகினால் கூழ்தான். தூண்டில் முள்ளைச் செருகி, மெல்லிய எலாஸ்டிக் நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். ஒருநாள் நூலில் சிக்கனம் பார்த்தேன். வீசிய வேகத்தில் மத்தி தனியே பறந்து கடற்காகத்துக்கு விருந்தாகிவிட்டது.

தண்ணீர் தெளிந்து, மடவைக் கூட்டம் துள்ளிச் சிதறுகிறதா? அடியில் காரிக் என்ற வேட்டை மீன் துரத்துகிறது. அப்போது உயிர் மடவையை எடுங்கள். மேலுதட்டில் மட்டும் முள்ளை ஏற்றினால் நெடுநேரம் நீந்தும். அதை வீசாதீர்கள், விழுகிற அடியிலேயே செத்துவிடும். முதலில் ஈயக் குண்டை மட்டும் எறிந்து மணலில் பிடிக்கவிட்டு, பிறகு தூண்டில் நரம்பில் ஸ்லைடு கிளிப் (நரம்பில் வழுக்கி இறங்கும் கொக்கி) மாட்டி மடவையை வழுக்கி இறக்குவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

இரண்டு இரையிலும் ஷேட் என்ற மீன் கடிக்கும். 30 செ.மீ.க்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு 4 மட்டுமே. அக்டோபர், நவம்பரில் அதுவும் கூடாது.