சான்றிதழிலிருந்து கிராம சபை வரை: கொள்ளிடக்கரை இருளர் பிள்ளைகளுக்கு

இறால் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவர் என் அம்மா. ஆதார் எடுக்கப் போனபோது அவருடைய விரல் ரேகை பதியவில்லை; அவ்வளவு தேய்ந்திருந்தது. மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ரேகை பதியாதவருக்குக் கருவிழியை மட்டும் வைத்தே பதியலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் முதல் நாளே அதைக் கேளுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பழங்குடிச் சான்றிதழ் தருபவர் தாசில்தார் அல்ல. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் அப்பா வழிச் சொந்தம் யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதன் நகலை இணையுங்கள்; அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. விசாரணைக்கு வரும்போது பெரியவர்களைப் பேச விடுங்கள். கன்னியம்மாவைக் கும்பிடுவது, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவது, எல்லாவற்றையும் அவர்கள் வாயால் சொல்லட்டும். எங்கள் பாட்டி பேசத் தொடங்கியதும் வந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்து கேட்டார். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போக முடியாது.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. வீட்டு முகவரி இல்லை என்று யாரையும் தள்ள முடியாது. வீடற்றவர் இரவில் படுக்கும் இடத்துக்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து பார்த்துப் பெயர் சேர்க்க வேண்டும்.

இத்தனை அலைச்சல் எதற்கு? 1946 டிசம்பரில் பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, நாட்டின் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளுக்காக எழுந்து பேசினார். இன்று தமிழகச் சட்டமன்றத்தில் நமக்கென்று இரண்டே தனித்தொகுதிகள்: ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டும் மலைப்பக்கம். டெல்டாவில் சிதறிக் கிடக்கும் நமக்குக் கைக்கெட்டுவது ஊராட்சிதான். அங்கே இட ஒதுக்கீடு மக்கள்தொகை விகிதப்படி வருவதால், கணக்கெடுப்பில் நம் பெயர் பழங்குடி என்றே பதிய வேண்டும். 21 வயது ஆனால் வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கலாம்.

அதுவரைக்கும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவை முன்கூட்டியே ஊராட்சிச் செயலாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. கூலிக்குப் போகும் நாளாக இருந்தாலும் பெண்கள் சேர்ந்தே போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் பதிவேட்டில் கைநாட்டு வைக்காதீர்கள்.

எங்கள் மனு சுடுகாட்டுப் பாதைக்கானது. முதல் முறை வாசித்தார்கள், பதிவேட்டில் எழுதவில்லை. அடுத்த முறை அந்த வரியை எழுதி முடிக்கும்வரை பதினொரு பெண்களும் இடத்தைவிட்டு எழவில்லை.