வரைந்த முகமெல்லாம் நீண்டுபோன சிக்கல்: என் அனுபவம்

ஒரு வாரமாக நான் வரைந்த முகங்கள் எல்லாமே மேல்பக்கம் நீண்டு வந்தன. வரையும்போது சரியாகத்தான் தெரியும். சுவரில் ஒட்டிப் பார்த்தால் நெற்றியை இழுத்துவிட்டது போல இருக்கும்.

கை பழகவில்லை என்று நினைத்து தினமும் 2 பக்கம் நேர்கோடு, 2 பக்கம் வட்டம் போட்டேன். கோடு நடுங்காமல் வந்தது, நெற்றி மட்டும் குறையவில்லை. பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்தும் வரைந்தேன். பலிக்கவில்லை.

பழைய வட்டங்களின் மேல் ஸ்கேலை வைத்தபோதுதான் பிடிபட்டது. அகலம் 10 செ.மீ., உயரம் 11. அத்தனையும் ஒரே திசையில் நீண்டிருந்தன. கைத்தவறு என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணியிருக்க வேண்டுமே! தாளை மேசையில் படுக்கப் போட்டுச் சாய்வாகப் பார்த்ததால் உயரம் குறுகித் தெரிந்திருக்கிறது. நான் என்னையறியாமல் நீட்டி ஈடுகட்டியிருக்கிறேன். தாளின் மேல்விளிம்பு கண்ணுக்கு இன்னும் தூரம், அதனால்தான் நெற்றியில் அதிகம்.

அட்டையை மடியில் வைத்து மேசை விளிம்பில் சாய்த்தேன். பார்வை தாளில் நேராக விழ வேண்டும், அவ்வளவுதான். அன்றே வட்டம் 10க்கு 10 வந்தது. அப்பாடா! சாய்க்க வசதியில்லாதபோது, அவ்வப்போது தாளைத் தூக்கி நேராகப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.