ட்ரோன் படங்களிலிருந்து வரைபடம்: உயரக் கணக்கில் கவனம்

ட்ரோன் பறக்கவிடத் தெரியும், படங்களை வரைபடமாக்கும் மென்பொருளான வெப்ஓடிஎம் நிறுவியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. பறக்கும் உயரம்

தரையில் ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சென்சார் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, அதைக் குவியத்தூரம், படத்தின் அகல பிக்சல்கள் இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 13.2 மி.மீ. சென்சார், 8.8 மி.மீ. குவியத்தூர லென்ஸ், 5472 பிக்சல், 100 மீட்டர் உயரம் என்றால் ஒரு பிக்சல் சுமார் 2.7 செ.மீ. உயரத்தைப் பாதியாக்கினால் விவரம் இரட்டிக்கும், படங்களோ ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

2. ஓவர்லேப்

அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவுதான் ஓவர்லேப். முன்பின் 80%, பக்கவாட்டில் 70%. மரங்கள் அடர்ந்த இடமென்றால் இன்னும் கூட்டுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த இதில் கைவைக்காதீர்கள்.

3. தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்

தரையில் வைத்து, ஜிபிஎஸ்ஸால் இடத்தை அளந்துகொள்ளும் குறிகள்தான் இவை. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். குறிகளை ஒரே வரிசையில் வைக்காமல், மூலைகளிலும் நடுவிலும் பரப்பி வையுங்கள். இந்த அளவுகளை வெப்ஓடிஎம்முக்குத் தரும் கோப்பின் முதல் வரியில் ஆயத்தொலைவு முறை. அப்புறம் வரிக்கு ஒன்றாக: கிழக்கு, வடக்கு, உயரம், படத்தில் குறியின் பிக்சல் இடம் (முதலில் கிடை, பிறகு செங்குத்து), படத்தின் பெயர். சில ஜிபிஎஸ் கருவிகள் வடக்கை முதலில் எழுதித் தரும். மாற்றிப் போட்டால் வரைபடம் எங்கோ போய் நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

உயரம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஜிபிஎஸ் அளப்பது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமிக்கென்று வைத்துக்கொண்ட சீரான கணித வடிவத்திலிருந்து உள்ள உயரம். நமக்கு வேண்டியது கடல்மட்ட உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் (ஜியாய்டு மதிப்பு) இடத்துக்கு இடம் மாறும், இந்தியாவுக்குத் தெற்கே கடலில் சுமார் −106 மீட்டர் வரை போகும். கருவி −60 காட்டுகிறது, அந்த இடத்தின் ஜியாய்டு மதிப்பு −95 என்றால், முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கடல்மட்ட உயரம் 35 மீட்டர். மைனஸைப் பார்த்துப் பதற வேண்டாம். மண்மேட்டின் கன அளவை மட்டும் கணக்கிடுபவருக்கு இந்த மாற்றத்தைச் செய்யாவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. கடல்மட்ட உயரம் குறித்த பழைய மட்டக்குறியோடு ஒப்பிட்டு வடிகால் போடுபவருக்கு வேலையே கெட்டுவிடும்.

4. சரிபார்ப்பு

இரண்டு மூன்று புள்ளிகளைக் கோப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். ஆர்த்தோமொசைக்கையும் (படங்களை ஒட்டிச் சீராக்கிய வரைபடம்) உயர மாதிரியையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து அந்தப் புள்ளிகளை அளந்து பாருங்கள். மென்பொருள் தரும் அறிக்கையைவிட இதைத்தான் நம்புவேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் குறிகளைச் சொடுக்கி வைப்பது சுலபம்தான்; ஆனால் பழகுபவர்களுக்கு வெப்ஓடிஎம்மே போதும்.

பின்சேர்க்கை: தட்டையான மைதானம் நடுவில் மேடாகவோ பள்ளமாகவோ வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். எல்லாப் படமும் நேர் கீழே பார்த்து எடுத்திருந்தால், லென்ஸின் வளைவைக் கணிப்பதில் மென்பொருள் தடுமாறும். கேமராவைச் சற்றுச் சாய்த்துக் குறுக்கே ஒரு சுற்று பறந்து அந்தப் படங்களையும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். நீர்ப்பரப்பில் விழும் ஓட்டைகளுக்கு மட்டும் மருந்தில்லை. அலையும் பளபளப்பும் படத்துக்குப் படம் மாறுவதால் பொருத்தம் கிடைக்காது. அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.