சரிவு நிலத்தில் உண்ணிச்செடியை அகற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிச் சரிவுகள், கொல்லிமலை, சிறுமலை, கீழ்ப்பழனி, ஏற்காடு என எந்த மலைக்குச் சென்றாலும், சில ஆண்டுகள் உழாமல் விடப்பட்ட சரிவு நிலத்தை முதலில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் உண்ணிச்செடிதான். லண்டானா என்று அறியப்படும் இந்தச் செடி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. அழகுக்காகவும் வேலிக்காகவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இது, பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவியும் மைனாவும் விதையைச் சுமந்து செல்ல, இன்று காடு, மேய்ச்சல் நிலம், கைவிடப்பட்ட கல்வரப்புக் கொல்லைகள் அனைத்தையும் மூடி நிற்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆனால் தனியார் சரிவு நிலங்களில் இந்த வேலையைச் செய்பவர் நிலத்துக்காரரும் அவர் அழைத்துவரும் சில ஆட்களும்தான். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சமநிலத்தில் களையெடுப்பில் தவறு நேர்ந்தால் செடி மறுபடி முளைக்கும், கூலி வீணாகும், அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். சரிவில் தவறு நேர்ந்தால் மேல்மண் போய்விடும். போன மண்ணை எந்தக் கூலி கொடுத்தும் திரும்ப ஏற்ற முடியாது. ஆகவே சரிவில் முதலில் காக்க வேண்டியது மண், அதற்குப் பிறகுதான் செடியை ஒழிப்பது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

முழுச் சரிவையும் ஒரே பருவத்தில் மொட்டையாக்குவது இவற்றில் மிகப் பெரிய தவறு. இருபது ஆட்களை இறக்கி ஒரே வாரத்தில் மேலிருந்து கீழ்வரை வெட்டித் தள்ளிவிட்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் உண்ணிச்செடியின் அடியில் பெரும்பாலும் புல் இருக்காது. அடர்ந்த நிழலும் செடியின் தன்மையும் சேர்ந்து அதை அழித்திருக்கும். அதாவது, புதரை எடுத்த மறுநாள் அங்கே இருப்பது வெறும் மண். கோடை மழையின் முதல் பெருந்துளிகள் நேரே அந்த மண்ணில் விழுந்து அதைக் கலைக்க, தடுப்பின்றி ஓடும் நீர் கலைந்த மண்ணைச் சுமந்துகொண்டு ஓடையில் இறங்கும். பல தலைமுறைக்கு முன் கட்டிய கல்வரப்புகள் பல இடங்களில் இந்தப் புதரின் வேர்ப்பிடிப்பில்தான் நிற்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. வரப்புக் கல்லிடுக்கில் வேரூன்றிய செடியை இழுத்தால் கல்லும் கூடவே வரும். அங்கெல்லாம் செடியை ஒட்ட வெட்டி, துளிரை அடிக்கடி கிள்ளி, வரப்பைச் சீர்செய்த பிறகே வேரை எடுக்க வேண்டும்.

சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டில், பட்டை பட்டையாக எடுப்பதே சரியான முறை. ஒரு பட்டையை எடுத்தால் அதற்குக் கீழுள்ள பட்டையை இந்த ஆண்டு அப்படியே விட வேண்டும்; மேலிருந்து வரும் மண்ணை அது பிடித்துக்கொள்ளும். சம உயரக் கோட்டைக் கண்ணால் கணிப்பது பெரும்பாலும் ஏமாற்றிவிடும். மூன்று கம்புகளை ‘ஏ’ வடிவில் கட்டி, உச்சியிலிருந்து ஒரு கல்லை நூலில் தொங்கவிட்டு, நூல் குறுக்குக் கம்பின் நடுக்குறியில் விழும்படி அடிமேல் அடி வைத்து நகர்த்தினால் கோடு துல்லியமாகக் கிடைக்கும். பட்டையின் அகலத்துக்குப் பொதுவான அளவு ஒன்றைச் சொல்வதை நான் விரும்பவில்லை. சரிவு கூடக் கூடப் பட்டை குறுக வேண்டும், மண் இளகியிருந்தால் இன்னும் குறுக வேண்டும். ஓடைக்கரையை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். புதர் மிக அடர்ந்த இடத்தில்தான் கோபம் முதலில் பாய்கிறது. சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய புதர்க்காடுகளில் 1960களில் களையெடுத்த ஜோன், ஐலின் பிராட்லி சகோதரிகள் இதற்கு நேர்மாறான முறையை வகுத்தார்கள்: நல்ல தாவரங்கள் மிகுந்து களை குறைந்திருக்கும் இடத்தில் தொடங்கு, அங்கிருந்து மெல்ல வெளியே நகர், நிலம் தானாக மீளும் வேகத்தைத் தாண்டி வேலை செய்யாதே. நம் மலைகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. புல்லும் மரக்கன்றும் இருக்கும் ஓரத்தில் பத்துச் செடியை எடுத்தால் அந்தப் புல்லே இடைவெளியில் பரவிவிடும். அடர்ந்த நடுப்பகுதியில் அதே உழைப்பைக் கொட்டினால் வெறுந்தரைதான் மிஞ்சும்.

அடுத்து, வெட்டும் முறை. அரிவாளால் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போவதும், காய்ந்த பிறகு தீ வைப்பதும் ஊர்தோறும் நடக்கின்றன. உண்ணிச்செடி வெட்டினால் சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அதிகக் கிளைகளாகத் துளிர்க்கிறது. தீயில் தண்டு கருகினாலும் அடி பிழைத்துக்கொள்ள, போட்டியாக நின்ற புல்லும் மரக்கன்றும் மட்டும் அழிகின்றன. சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஏறும் என்பதால் பக்கத்துக் காட்டுக்கும் ஆபத்து. பிரஷ் கட்டர் இயந்திரமும் அரிவாள் செய்யும் வேலையைத்தான் விரைவாகச் செய்கிறது; செங்குத்தான இடத்தில் அதைச் சுமந்து நிற்பவரின் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு தவறு உண்டு. அடியோடு ஒழிக்க வேண்டும் என்று கடப்பாரையால் ஆழத் தோண்டுவதும், பொக்லைனைக் கொண்டுவந்து வழிப்பதும் மண்ணைப் புரட்டிப்போட்டு, புதைந்து கிடந்த விதைகளை மேலே கொண்டுவருகின்றன. வெட்டுண்ட சரிவு அடுத்த பெருமழையில் இறங்கவும் கூடும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மலைவாழ் மக்கள் மறந்திருக்க முடியாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மண் அள்ளும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதையும் சரிவில் நிலத்தைத் திருத்துவதையும் ஒழுங்குபடுத்துகிறது. சொந்த நிலம்தானே என்று தொடங்கிவிடாமல், வேலைக்கு முன்பே வருவாய்த் துறையிலும் வனத்துறையிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

வேண்டியது இவ்விரண்டுக்கும் நடுவிலான முறை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழுவினர் இதை ஆராய்ந்து வகுத்தார்கள். உண்ணிச்செடி மறுபடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் அந்தச் சிறு பகுதியிலிருந்துதான்; அதற்குக் கீழே உள்ள வேரைத் தனியே விட்டால் அது பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. ஆகவே செடியைச் சுற்றியுள்ள மண்ணை இலேசாக விலக்கி, மண்மட்டத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே ஆணிவேரை ஒரே வெட்டில் துண்டித்து, தூரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெட்டு சரியான இடத்தில் விழுந்ததா என்பதைத் தூரைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடலாம்: கிளைகள் ஒன்றுகூடித் தடித்திருக்கும் முண்டு முழுவதும் கையோடு வந்து, அதன் அடியில் ஒற்றை வேரின் வெட்டுமுகம் தெரிய வேண்டும். முண்டில் ஒரு பகுதி மண்ணிலேயே தங்கிவிட்டால் அங்கிருந்து துளிர் வந்தே தீரும். ஆழத்தில் இருக்கும் வேர் மண்ணிலேயே கிடந்து மெல்ல மக்கும். அதுவரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். சரிவு நிலத்துக்கு இந்த முறையை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகத்தான்.

பருவம் தவறுவதும் வேலையைக் கெடுக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் சரிவைத் திறக்கவே கூடாது. மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இன்னும் இருக்கும் தை, மாசியில் ஆயுதம் எளிதாக இறங்கும், வேரும் சுத்தமாக வெட்டுப்படும். நன்றாகக் காய்ந்த பங்குனி மண்ணில் அதே வேலைக்கு இருமடங்கு பலம் வேண்டும். பலத்தை வீசினால் மண்தான் பெயரும். ஈரமுள்ள இடங்களில் உண்ணிச்செடி ஆண்டு முழுவதும் பூத்துக் காய்ப்பதால், காயே இல்லாத நாளுக்காகக் காத்திருக்க முடியாது. செடியை அசைப்பதற்கு முன்பே கறுத்த பழக்கொத்துகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். பழத்தோடு செடியை இழுத்துச் சென்றால், இழுத்த தடம் முழுவதும் அடுத்த மழையில் நாற்றங்காலாகிவிடும்.

வெட்டிய குப்பையை ஓடையில் தள்ளுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அது நீரோட்டத்தை அடைத்து, பெருமழையில் கரையை உடைக்கும். விதையும் தண்டும் கீழுள்ளவர் நிலத்துக்குப் போய்ச் சேரும். ஈர மண்ணில் படிந்த தண்டு கணுவில் வேர்விடக்கூடியது என்பதால், அங்கங்கே சிதறவிடுவதும் தவறு. பழம் நீக்கிய கிளைகளைச் சில நாள் கல்மேல் காயவைத்து, பின்னர் சம உயரக் கோட்டில் முளையடித்து வரிசையாக அடுக்கினால் அதுவே மண் தடுப்பாகிவிடும். நேரான தண்டுகளைப் பிரித்தெடுத்து வேகவைத்துத் தோலுரித்தால் நாற்காலியும் கூடையும் செய்யலாம். மாதேஸ்வரன் மலையின் சோளகர் மக்கள் இதில் தேர்ந்த கைவினைஞர்கள். ஆடு மாடுகளை மட்டும் அந்தக் குவியலின் அருகே விடாதீர்கள். இலை வாடிய பிறகும் நஞ்சு தங்கியிருக்கும். பசித்த கால்நடை தின்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள்காமாலை வரும், வெயில் படும் தோல் புண்ணாகும்.

களைக்கொல்லி தெளிக்கலாமே என்ற யோசனை பலருக்கும் வரும். செங்குத்துச் சரிவில் தெளித்தது மழையோடு ஓடைக்குப் போகும்; அந்த ஓடைதான் கீழே ஒரு ஊருக்குக் குடிநீர். மண்ணைப் பிடிக்க வேண்டிய புல்லையும் அது சேர்த்தே கொல்லக்கூடும். கையால் செய்யக்கூடிய இடத்தில் அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

புதருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெட்டுவது இன்னொரு தவறு. ஆட்டின் வாய்க்கு எட்டாமல் அந்த முள்ளுக்கு நடுவே வேங்கை, நெல்லி, கடுக்காய், ஆத்தி ஆகியவற்றின் கன்றுகள் பல நேரங்களில் பிழைத்து நிற்கும். முந்தின நாளே ஒருவர் நுழைந்து பார்த்து, ஒவ்வொரு கன்றிலும் நிறத்துணி கட்டிவிட்டால், ஆட்களின் அரிவாள் அதைத் தவிர்க்கும். காட்டோர நிலமானால் கரடியும் காட்டுமாடும் பகலில் அங்கே படுத்திருக்கலாம். ஓசையெழுப்பிய பிறகே நுழைய வேண்டும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நின்று வேலை செய்யவே கூடாது. பெயர்ந்த கல் எந்த வேகத்தில் வரும் என்று சொல்ல முடியாது. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியின் கடியால் உண்ணிக்காய்ச்சல் வருகிறது. வேலை முடிந்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்தால், அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, புதரில் வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் எளிதில் குணமாகும் இந்த நோய், தாமதித்தால் உயிரையும் பறிக்கும்.

எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் உண்ணிச்செடி திரும்புவதற்கு முன்பே பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துவிடும். பட்டையைத் திறந்தவுடன் நடுவதற்கும் விதைப்பதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். முதல் கோடை மழைக்குக் கொள்ளு விதைத்தால் சில வாரங்களில் தரையை மூடிவிடும். அந்த மலையிலேயே மாட்டுக்கு அறுக்கும் புல்லின் விதையைத் திரட்டித் தூவுவதும், வரப்போரத்தில் வெட்டிவேர் நடுவதும் நிலையான பிடிப்பைத் தரும். மரக்கன்றுகள் எழுந்து நிழல் தரத் தொடங்கிய பிறகுதான் உண்ணிச்செடியின் பலம் உண்மையில் குறைகிறது. வெளிச்சம் குறைந்தால் அது நலிந்துபோகும்.

எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் என்று எண்ணுவதும் தவறு. உயர்ந்த மலைகளில் பரவியுள்ள சீகை எனப்படும் வாட்டில் மரத்தின் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஒட்டுமொத்தமாக முளைக்கும். மஞ்சக்கொன்றையை வெட்டினால் அடிமரம் முழுவதும் துளிராகும். இளங்கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவதுதான் எளிது.

கடைசியாக, திரும்பி வராமல் இருப்பது. முதல் மழைக்குப் பின் மண்ணில் கிடந்த விதைகள் முளைக்கும். இரண்டு நான்கு இலைப் பருவத்தில் அவை இரண்டு விரலுக்கு அடங்கி வரும், ஆறு மாதம் விட்டால் மறுபடி ஆயுதம் வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு மழைப்பருவத்துக்குப் பின்னும் ஒருமுறை சுற்றிவர வேண்டும். பறவைகள் வந்து அமரும் தனிமரங்களின் அடியை முதலில் பாருங்கள். எச்சத்தோடு விழுந்த விதைகள் அங்கேதான் கொத்தாக முளைத்திருக்கும். அடுத்த பட்டையைத் திறப்பதற்கு முன், சென்ற ஆண்டின் பட்டையில் புல் மூடிவிட்டதா என்று பார்த்து, மூடாவிட்டால் அந்த ஆண்டுக் கூலி முழுவதையும் பழைய பட்டைக்கே செலவிடுங்கள்.