மெடிக்கல் கார்டு வச்சு மனநல டாக்டர பாக்கலாமா? முதல் தடவ போறவங்களுக்கு

என் தங்கச்சிக்கு ரெண்டு வாரமா தூக்கமே இல்ல, சும்மா உக்காந்து அழுவா, சரின்னு மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டோட மலேசியாவுல கே.எல்.ல (கோலாலம்பூர்ல) ஒரு பேனல் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டு "அக்கா, இதுக்கு ஜிஎல் வராது, கேஷ்தான்"னு சொல்லிட்டா. ஜிஎல்னா காசு நாங்க கட்டுறோம்னு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு குடுக்குற உத்தரவாத லெட்டர். தங்கச்சி என் கையப் பிடிச்சு "வா வீட்டுக்கே போயிடலாம்"னா. இன்னொருத்தருக்கு அப்படி ஆகக்கூடாது.

முதல்ல பாலிசி பிடிஎஃப்ப திறங்க. எக்ஸ்க்ளூஷன் (எதுக்கெல்லாம் காசு தர மாட்டாங்கங்கிற) பக்கத்துல "மெண்டல்", "நெர்வஸ்", "சைக்கியாட்ரிக்"னு தேடுங்க. இருந்துச்சுன்னா பேனல்ல எத்தன டாக்டர் இருந்தாலும் பெரும்பாலும் காசு நம்ம கையிலிருந்துதான் போகும். பேனல்னா இன்சூரன்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணக்கு இருக்குன்னு மட்டுந்தான் அர்த்தம், உங்க வியாதிய அவங்க பாத்துக்குவாங்கன்னு இல்ல.

அடுத்து கேளுங்க, ஆனா எழுத்துல. ஏஜெண்டுகிட்ட வாயால கேட்டா "ஆங், இருக்கு"ம்பாங்க, பிறகு யாரும் பொறுப்பில்ல. வாட்ஸ்அப்ல இப்படி அனுப்புங்க: அட்மிட் ஆகாம சும்மா பாத்துட்டு வந்தா கவர் ஆகுமா, சைக்காலஜிஸ்டுக்கும் சேர்த்தா, வருஷத்துக்கு எத்தன தடவ, ஜிஎல்லா இல்ல கட்டிட்டு கிளெய்மா, ஜிபி (சாதாரண கிளினிக் டாக்டர்) லெட்டர் வேணுமா. கம்பெனி கார்டுல சில சமயம் இது இருக்கும், எச்ஆர்கிட்ட கேக்க கூச்சமா இருந்தா கார்டு பின்னாடி இருக்குற நம்பருக்கு நீங்களே அடிங்க.

கவர் இல்லன்னா மனச விட்டுடாதீங்க. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போங்க, நம்ம நாட்டு குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்க ஒரு கேள்வித்தாள் குடுக்கலாம், மனசுல உள்ளதையே எழுதுங்க, நல்லாருக்கேன்னு மறைக்காதீங்க. தேவைன்னா டாக்டர் கே.எல். பெரியாஸ்பத்திரிக்கோ பினாங்கு ஆஸ்பத்திரிக்கோ லெட்டர் தருவாரு. இந்த அரசாங்க லெட்டரோட போனா முதல் தடவ ஸ்பெஷலிஸ்டுக்கு காசு கிடையாது, பிறகு 5 வெள்ளி. பிரைவேட் கிளினிக் லெட்டர்னா முதல் தடவ 30. தேதி கிடைக்க கொஞ்ச நாள் ஆகும், அதுதான் கஷ்டம்.

பிரைவேட்ல காசு கட்டுனா ரசீத பத்திரமா வைங்க, பதிவு பெற்ற மனநல டாக்டர், கவுன்சிலர்னா வருமான வரிக் கணக்குல உங்க வருமானத்திலிருந்து 1,000 வெள்ளி வரைக்கும் கழிக்கலாம்.

காத்திருக்கிற நாள்ல ரொம்ப பாரமா இருந்தா மனசு விட்டுப் பேச 15555 ஹீல் லைனுக்கு அடிங்க, இல்லன்னா பிஃப்ரெண்டர்ஸ் கே.எல். 03-7627 2929. உயிருக்கே ஆபத்துன்னு தோணுனா லெட்டர், கார்டு எதையும் தேடாதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, தனியா போக விடாதீங்க.